கோலா தாகான் இரவு சஃபாரி: பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

முருகு_சுங்கைசிப்புட்: நம்ம தோட்ட இளைஞர் மன்றத்துல ஆண்டு இறுதி விடுமுறைக்குத் தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குப் போறதா பேச்சு. பூங்காவுக்கு எதிர்க்கரை ஊரான கோலா தாகான்ல இரவு சஃபாரி இருக்காம். பிள்ளைங்க புலி பார்க்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. போய் வந்தவங்க சொல்லுங்க.

செம்பனை_மைந்தன்: தம்பி, காசு கொடுத்து, எண்ணெய்க்கு நட்ட செம்பனைத் தோட்டம் பார்க்கவா போறீங்க? பூங்கா தெம்பெலிங் ஆத்துக்கு அக்கரை. சஃபாரி வண்டி ஓடுறது இக்கரைத் தோட்டத்துல. வண்டி மேல உட்கார்ந்து ஒருத்தர் லைட் அடிச்சுக்கிட்டே வருவார். சிறுத்தைப் பூனை, மூசாங்ங்கற மரநாய், ஆந்தை, இவ்வளவுதான். நம்ம லயத்து வீடுகளுக்குப் பின்னால எலிக்கு வர்ற அதே கூட்டம். எலியைப் பிடிக்கட்டும்னு கூகைக்குக் கூட்டுப் பெட்டி அடிச்சு வச்சதே தோட்ட நிர்வாகம்தானே? அந்தக் காசோட கொஞ்சம் சேர்த்துப் போர்னியோ பக்கம் சபா மாநிலத்துக்குப் போங்க. கினபாத்தாங்கான் ஆத்துல படகுல உட்கார்ந்தே நீள மூக்குக் குரங்கு பார்க்கலாம், நேரம் கூடி வந்தா யானைக் கூட்டமே தண்ணிக்கு இறங்கும்.

கவிதா_ஈப்போ: அண்ணே, சஃபாரி பத்தி நீங்க சொன்னது சரி. சபா விஷயத்துல ஒத்துக்க முடியல. அங்க ஏன் அவ்வளவு சுலபமா கண்ணுல படுது? சுத்திலும் செம்பனை, ஆத்தோரம் மிஞ்சின காட்டுல அதுங்க ஒண்டிக் கிடக்கு. 2005-ல சரணாலயமா அறிவிச்சது சுமார் 26,000 ஹெக்டர், அதுவும் துண்டு துண்டா. தாமான் நெகாரா 4,343 சதுர கிலோமீட்டர். அவ்வளவு அடர்ந்த காட்டுல மிருகம் மறைஞ்சுதான் இருக்கும். பூம்புன்ல ஒரு ராத்திரி தங்குங்க. உயரமா கால் நட்டுக் கட்டின குடில், எதிர்ல உப்பு மண். இலை தழையில உப்புச்சத்து குறைவுங்கறதால பன்னி மாதிரி இருக்கற நீள மூக்குத் தாபிரும் மானும் அதைத் தேடி வரும். லைட்டை அணைச்சிட்டுப் பேசாம உட்காரணும்.

செம்பனை_மைந்தன்: பதிமூணு வயசுப் பிள்ளை ராத்திரி பூரா பேசாம உட்காருமா? ஒண்ணும் வரலைன்னா? அப்பா பழம் வெட்டிச் சேர்த்த காசும்மா அது. யானையை ஒரு தடவை கண்ணால பார்த்தாத்தான் காட்டு மேல பிரியம் வரும். காடு சுருங்கிப் போனதையும் பிள்ளைங்க பார்க்கட்டுமே.

கவிதா_ஈப்போ: ஒண்ணும் வரலைன்னாலும் விடியக்காலையில இருவாச்சி சிறகடிச்சுப் போற சத்தம் கேட்கும், சேத்துல புதுக் குளம்படி இருக்கும். அதைப் பார்த்து என்ன மிருகம்னு சொல்லக் கத்துக்கிட்டா அந்தப் பிள்ளைக்கு அது போதும்ணே.

பழைய_மண்டோர்: ரெண்டு பேரும் மழையை மறந்துட்டீங்க. நவம்பர்ல இருந்து ஜனவரி வரை அந்தப் பக்கம் அடைமழை. ஆறு ஏறும், பாதையெல்லாம் சேறு, அட்டை. முருகு, புலி ஆசையையும் இப்பவே எடுத்துடுங்க. நாட்டுக் காட்டுல 150 கூட இல்ல. யானைதான் வேணும்னா லஞ்சாங் பக்கம் கோலா கண்டா யானைப் பாதுகாப்பு மையம் இருக்கு. தோட்டத்துல புகுந்த யானையைப் பிடிச்சுத் தாமான் நெகாரா மாதிரி பெரிய காட்டுல கொண்டு விடற வேலையை வனவிலங்கு இலாகா 1989-ல இருந்து அங்க செய்யுது. வாழையை யானை மிதிச்சா நாம திட்டறோம். அதை எங்க கொண்டு போறாங்கன்னு பிள்ளைங்க தெரிஞ்சுக்கட்டும்.

முருகு_சுங்கைசிப்புட்: ஐயா, மழையைப் பத்திக் கூட்டத்துல யாருமே பேசல. மார்ச்சுக்குத் தள்ளி வைக்கச் சொல்றேன். வழியில கோலா கண்டா, அப்புறம் ஒரு ராத்திரி பூம்புன். இரவு சஃபாரி வேணாம்.

செம்பனை_மைந்தன்: மார்ச்சா இருந்தாலும் நான் சபான்னுதான் சொல்வேன். கூட்டத்துக்கு வர்றேன், அங்க பேசுவோம்.