பெரிய வீட்டுக் குழு: ஞாயிறு மாலை ஸ்டீம் (கம்ப்யூட்டர் விளையாட்டுச் செயலி) பஞ்சாயத்து

மாலை 5:48 - குமரன்: 📷 படம்

மாலை 5:48 - குமரன்: ரவி சித்தப்பா, இருக்கிறீர்களா? ஸ்டீம் உள்ளே விடவே மாட்டேன் என்கிறது. "ஸ்டீம் நெட்வொர்க்குடன் இணைக்க முடியவில்லை" என்றே வருகிறது. ஆறரைக்கு டோட்டா 2 ஆட்டம். ஐந்து பேர் அணி, நான் போகாவிட்டால் ஆள் குறையும்.

மாலை 5:49 - மாணிக்கம்: ரௌட்டரை அணைத்துப் போடு தம்பி.

மாலை 5:49 - குமரன்: போட்டாச்சு பெரியப்பா.

மாலை 5:50 - மாணிக்கம்: உடனே போடக்கூடாது. கொஞ்ச நேரம் விட்டுப் போட வேண்டும்.

மாலை 5:51 - மீனா: மத்தியானம் கரண்ட் போய் வந்ததிலிருந்து அந்த அறையில் ஒரே புலம்பல். பரீட்சைக்கு இந்தத் தவிப்பு இருந்தால் தேவலை.

மாலை 5:52 - கவிதா: ஸ்டீம் சர்வரே படுத்திருக்குமோ? வாரா வாரம் பராமரிப்பு என்று நிறுத்துவார்களே.

மாலை 5:54 - ரவி: அது அமெரிக்காவில் செவ்வாய்க்கிழமை. நமக்குப் புதன் விடியற்காலை ஆகிவிடும். இன்று ஞாயிறு. குமரா, உன் கூட்டாளிகளுக்கு வேலை செய்கிறதா?

மாலை 5:54 - குமரன்: எல்லாரும் உள்ளேதான் இருக்கிறார்கள். என்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மாலை 5:55 - ரவி: அப்படியானால் சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது. அதே வைஃபையில் உன் போன் ஓடுகிறதா?

மாலை 5:55 - குமரன்: யூடியூப் ஓடுகிறது. அதில் ஒருவர் ஸ்டீமை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்கிறார். செய்யட்டுமா?

மாலை 5:56 - ரவி: கையை எடு! விளையாட்டெல்லாம் ஸ்டீம் ஃபோல்டருக்குள் 'ஸ்டீம்ஆப்ஸ்' என்று ஒன்றில்தான் இருக்கிறது. அன்இன்ஸ்டால் கொடுத்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். டோட்டாவுக்கு மட்டும் 60 ஜிபி இடம் கேட்பார்கள், மறுபடி இறக்கி முடிப்பதற்குள் விடிந்துவிடும்.

மாலை 5:57 - ரவி: வேறு வழியே இல்லை என்றால்கூட ஸ்டீம்ஆப்ஸ், யூசர்டேட்டா இரண்டு ஃபோல்டரையும் ஸ்டீம் எக்ஸி ஃபைலையும் விட்டுவிட்டு மற்றதை மட்டும்தான் அழிக்க வேண்டும். அது கடைசி மருந்து. முதலில் நோய் எது என்று பார்ப்போம்.

மாலை 5:58 - கவிதா: உன் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7 இல்லையே? 2024 ஜனவரி 1 முதல் ஸ்டீம் அதற்கு ஆதரவை நிறுத்திவிட்டது.

மாலை 5:58 - குமரன்: 10 அக்கா. நேற்று ராத்திரி வரை ஆடினேன்.

மாலை 5:58 - மீனா: ராத்திரி எத்தனை மணி வரை என்றும் சொல்லு.

மாலை 5:59 - கவிதா: போனில் ஹாட்ஸ்பாட் போட்டு கம்ப்யூட்டரை அதில் இணைத்துப் பார். அதில் வந்தால் வீட்டு நெட்டில் கோளாறு. அதிலும் வராவிட்டால் கம்ப்யூட்டரில்தான். என் காலேஜ் ஹாஸ்டலில் இப்படித்தான் கண்டுபிடித்தோம். ஸ்டீம் இணையத்தில் போய்வரும் வழிகளான 27015 முதல் 27050 வரை உள்ள போர்ட்டுகளை அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். வார்டனிடம் போய் ஸ்டீம் திறக்கவில்லை என்று சொல்லவா முடியும்?

மாலை 6:00 - மாணிக்கம்: இதெல்லாம் எனக்குச் சொல்லவே இல்லையே கவிதா.

மாலை 6:01 - கவிதா: படித்து முடித்துவிட்டேனே அப்பா 😄

மாலை 6:04 - குமரன்: ஹாட்ஸ்பாட்டிலும் அதே எரர்.

மாலை 6:05 - ரவி: நல்லது, ரௌட்டரை விட்டுவிடுவோம். விபிஎன் ஏதாவது போட்டிருக்கிறாயா? புதிதாக ஆன்டிவைரஸ்?

மாலை 6:05 - குமரன்: எதுவும் இல்லை சித்தப்பா.

மாலை 6:06 - ரவி: நாங்கள் பிரௌசிங் சென்டரில் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடியபோது லேன் ஒயர் இருந்தால் போதும், இணையமே வேண்டாம். இப்போது லாகின், ஸ்டோர், நண்பர்கள் பட்டியல் எல்லாமே வெளியே இருக்கும் சர்வரிடம் கேட்டுத்தான் வருகின்றன. சரி, அதே கம்ப்யூட்டரில் குரோம் திறந்து ஏதாவது ஒரு பக்கத்துக்குப் போ.

மாலை 6:07 - மாணிக்கம்: ஒரு சந்தேகம். முதலில் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே வலது மூலையில் 01-01-2019 என்று இருக்கிறதே. பழைய படமா தம்பி?

மாலை 6:08 - ரவி: அண்ணே!!

மாலை 6:08 - குமரன்: இப்போது எடுத்த படம்தான் பெரியப்பா. குரோமும் உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்கிறது.

மாலை 6:08 - கவிதா: அப்பாவா இது 😳

மாலை 6:10 - ரவி: இதுதான் காரணம். பாதுகாப்பான இணைப்புக்கு ஒவ்வொரு சர்வரும் ஒரு சான்றிதழ் நீட்டும். அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். உன் கம்ப்யூட்டரோ 2019இல் உட்கார்ந்திருக்கிறது. அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் நம்ப மறுக்கிறது.

மாலை 6:11 - கவிதா: விண்டோஸ் தானாகவே நேரத்தைச் சரிசெய்துகொள்ளாதா சித்தப்பா?

மாலை 6:12 - ரவி: சின்ன வித்தியாசம் என்றால் செய்யும். வழக்கமான அமைப்பில் 15 மணி நேரத்துக்கு மேல் விலகியிருந்தால் தொடாமல் விட்டுவிடும். குமரா, செட்டிங்ஸில் தேதி நேரம் பகுதிக்குப் போய்த் தானியங்கியை அணைத்து, கையாலேயே இன்றைய தேதி போடு. டைம் ஸோன் சென்னை, கொல்கத்தா என்று வரும் +5:30தானா என்றும் பார். அப்புறம் தானியங்கியைப் போட்டு, 'இப்போது ஒத்திசை' என்பதை அழுத்து.

மாலை 6:17 - குமரன்: வந்துவிட்டது!!! உள்ளே போய்விட்டேன். நன்றி சித்தப்பா, நன்றி பெரியப்பா 🙏🙏

மாலை 6:17 - மாணிக்கம்: 😎

மாலை 6:19 - ரவி: இன்னும் முடியவில்லை. அடுத்த தடவை கரண்ட் போனால் திரும்பவும் 2019தான். மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் கடிகாரம் ஓடுவது அதனால்தான். அது தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர் 2032, 3 வோல்ட்.

மாலை 6:20 - மாணிக்கம்: என் சுகர் மெஷினில் போடுவதும் அதே நம்பர்தான். வாட்ச் கடையில் கிடைக்கும்.

மாலை 6:22 - ரவி: அதேதான். மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடி. மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். பக்கத்தில் இருக்கும் சின்னக் கொக்கியைத் தள்ளினால் பேட்டரி எழும்பி வரும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதே. பிளஸ் போட்ட பக்கம் மேலே இருக்க வேண்டும். பிறகு பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் செட்டிங்ஸ் திரையில், போய்த் தேதியைப் போட்டுச் சேமி.

மாலை 6:24 - மீனா: குமரா, கடை அடைப்பதற்குள் ஓடிப்போய் வாங்கி வந்துவிடு. வரும்போது பாலும்.

மாலை 6:33 - குமரன்: அம்மா, ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. பாதியில் விட்டுப் போனால் தண்டனை வரிசையில் போட்டுவிடுவார்கள்.

மாலை 6:34 - மீனா: இது என்ன புதுக் கதை? ரவி, நிஜமா?

மாலை 6:35 - ரவி: நிஜம்தான் அண்ணி. நடுவில் ஓடினால் அடுத்த சில ஆட்டங்களை அதே மாதிரி ஓடிப்போன ஆட்களோடுதான் ஆட வேண்டும்.

மாலை 6:35 - மீனா: அங்கே தண்டனை என்றால் மட்டும் பயம்.

மாலை 6:36 - மாணிக்கம்: நான் வாக்கிங் கிளம்புகிறேன். வாட்ச் கடை வழியில்தான். இரண்டாக வாங்கி, ஒன்றை உங்கள் வீட்டில் கொடுத்துவிடுகிறேன். பால் எத்தனை பாக்கெட்?