தோல் வாத்தியங்கள் நன்றாகப் பதிவான இசை: எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது?

தனி ஆவர்த்தனம், காத்ர் போர்ன்

எல்லாருக்கும் வணக்கம். மிருதங்கம், கடம், தபலா, நம்ம மொரிஷியஸின் ரவான் (ஆட்டுத்தோல் வட்ட மேளம்) என்று தாள வாத்தியம் முன்னுக்கு நிற்கும் பதிவுகளை வீட்டில் நல்ல தரத்தில் கேட்க வேண்டும். இருக்கிற கருவிகள்: ஆறரை அங்குல வூஃபர் (அடிநாதம் தரும் கூம்பு) உள்ள சின்ன ஸ்பீக்கர் ஒரு ஜோடி (உணர்திறன் 86 டெசிபல், பின்பக்கம் காற்றுத்துளை), 50 வாட் ஆம்ப்ளிஃபயர், கணினியிலிருந்து யூ.எஸ்.பி. டாக் (கோப்பின் எண்களை ஒலி மின்னலையாக்கும் பெட்டி). சலோன் (வீட்டுக் கூடம்) 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம். சுவரும் கூரையும் கான்கிரீட், தரை டைல்ஸ்.

24 பிட் என்று கூடுதல் விலைக்கு விற்பதை வாங்குவதில் பலன் உண்டா? எந்தப் பதிவிலிருந்து தொடங்கலாம்? கச்சேரிப் பதிவுகளில் மிருதங்கம் எங்கோ பின்னால் கேட்கிறது, அது ஸ்பீக்கர் குறையா? மிருதங்கத்தின் தொப்பி (அடிநாதம் தரும் இடப்பக்கம்) அடி மட்டும் ஊதிப்போய் நீளமாக இழுக்கிறது, அதற்கு என்ன செய்யலாம்?

மோகா மிருதங்கம்

வணக்கம் தம்பி. எண்ணைப் பார்த்து வாங்க வேண்டாம். சி.டி.யின் 16 பிட்டே 96 டெசிபல் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். வீட்டு அறையில் அதை முழுக்கப் பயன்படுத்த இடமே கிடையாது. தோல் வாத்தியப் பதிவு கெடுவது வேறு இரண்டு இடங்களில்: மைக் வைக்கும் இடத்திலும், மாஸ்டரிங் (வெளியிடுமுன் செய்யும் கடைசிச் சீரமைப்பு) மேசையிலும்.

விரல் தோலில் படும் அந்தச் சில மில்லி விநாடியில் ஒலி சராசரியைவிட 18 முதல் 20 டெசிபல் வரை மேலே பாயும். பாட்டு சத்தமாகக் கேட்க வேண்டும் என்று லிமிட்டர் (உச்சத்தை அமுக்கும் கருவி) போட்டால் முதலில் வெட்டுப்படுவது அந்த முனைதான். பிறகு மொத்தத்தையும் உயர்த்துவார்கள்; அடிக்குப் பின் வரும் கார்வையும் அறையின் எதிரொலியும் அடிக்குச் சமமாக வந்து நிற்கும். விரல் மறைந்து வெறும் 'டப்' மிஞ்சும். அதே பதிவை 192 கிலோஹெர்ட்ஸில் விற்றாலும் போன விரல் திரும்பாது.

காதால் சோதிக்க மிருதங்கமே போதும். வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) இருக்கும் கரணை என்ற கறுப்புப் பூச்சு, மேல்சுரங்களை அடிச்சுரத்தின் முழு மடங்குகளுக்குக் கொண்டுவருகிறது என்பதை சர் சி.வி. ராமன் 1920இலேயே எழுதினார். ஆகவே சாப்பு (சுருதி ஒலிக்கும் வலந்தலை அடி) விழும்போது தம்புராவோடு சேரும் சுருதி தெளிவாகக் கேட்க வேண்டும். சுருதியே தெரியாமல் 'டிக்' என்று முடிந்தால் மைக் தோலுக்கு மிக அருகில் இருந்திருக்கிறது, அல்லது பதிவை நசுக்கிவிட்டார்கள். தொப்பியில் கும்கி வரும்போது நாதம் வளைந்து போகும் வழியைக் காது பின்தொடர முடிய வேண்டும். கடத்தில் வயிறு, கழுத்து, வாய் மூன்றும் மூன்று இடமாகத் தெரிய வேண்டும். கஞ்சிராவின் சலங்கை தோலோடு ஒட்டிக்கொண்டு 'ஸ்ஸ்' என்று கேட்டால் அந்த இசைத்தட்டை விட்டுவிடுங்கள்.

தொடங்குவதற்கு எனக்குப் பிடித்தது, வாட்டர் லில்லி அக்கூஸ்டிக்ஸ் 1993இல் வெளியிட்ட 'எ மீட்டிங் பை தி ரிவர்'. விஸ்வ மோகன் பட்டும் ரை கூடரும் கிதார் வகைக் கருவிகளில் வாசித்தது. தபலா சுக்விந்தர் சிங் நாம்தாரி. பதிவு செய்தவர் கவிச்சந்திரன் அலெக்சாண்டர். சான்டா பார்பராவில் ஒரு சிற்றாலயத்தில், ஒரே ஜோடி மைக்கில், வால்வு டேப் இயந்திரத்தில் எடுத்தது. தபலா எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று கைநீட்டிச் சொல்லலாம். அது தாள வாத்தியத் தட்டு அல்ல. ஆனால் தோலை எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

மேற்கத்திய டிரம் செட்டுக்கு ஷெஃபீல்ட் லேப் வெளியிட்ட டிரம் ரெகார்ட். ஜிம் கெல்ட்னரும் ரான் டட்டும் தனித்தனியாக வாசித்த இரண்டு தனி வாசிப்புகள், கருவிகளைச் சோதிப்பதற்கென்றே எடுத்தவை. அதே நிறுவனம் ஜப்பானியக் கோடோ குழுவையும் பதிவு செய்தது. பெரிய தைக்கோ மேளம் ஆறரை அங்குல வூஃபரை அதன் எல்லைக்கே தள்ளும், ஒலியைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள்.

அமெரிக்க டிரம் கலைஞர் மிக்கி ஹார்ட்டின் 'பிளானட் டிரம்' (1991) எல்லாரும் சொல்வது. விக்கு விநாயக்ராம் கடமும் ஜாகிர் உசேன் தபலாவும் உண்டு, உலக இசைக்கான முதல் கிராமி அதற்குத்தான் கிடைத்தது. வாசிப்பு உயர்வு. ஆனால் இடவுணர்வு ஸ்டுடியோவில் மிக்ஸ் செய்து கட்டியது. ஸ்பீக்கர் நிறுத்தும் இடத்தைச் சரிபார்க்க இதை வைக்க வேண்டாம்.

சென் தாந்த்ரே கயாம்ப், ரெயூனியன்

மோகா அண்ணா சொன்னதோடு எங்கள் தீவிலிருந்து ஒன்று. கோப்பு அழுத்தத்தால் கெட்டதா என்று பார்க்க கயாம்பைவிட நல்ல கருவி இல்லை. உங்கள் மரவானும் அதே இனம்தான். கரும்புப் பூத்தண்டுகளை அடுக்கிக் கட்டிய தட்டைப் பெட்டி, உள்ளே விதைகள். ஒவ்வொரு அசைவிலும் நூற்றுக்கணக்கான விதைகள் வெவ்வேறு நொடித்துளியில் தண்டில் மோதும். எம்.பி.3 போன்ற முறைகள் இந்த வகை ஒலியில்தான் தடுமாறும். 128 கிலோபிட்டில் கயாம்ப் தண்ணீரில் நனைந்த மாதிரி வழவழப்பாகிவிடும், அடிக்குச் சற்று முன்பே ஒரு சலசலப்பும் வரும். நல்ல கோப்பில் விதைகள் உலர்ந்து, தனித்தனி மணியாக விழும்.

இதற்குத் எங்கள் பாடகர் தனியேல் வாரோவின் மலோயா (எங்கள் தீவின் மரபிசை) பதிவுகள் எடுங்கள். ஒரு குரல், பதில் பாடும் குழு, கயாம்ப், மூங்கிலைக் குச்சியால் தட்டும் பிகேர், மேலே ஏறி உட்கார்ந்து அடிக்கும் ரூலேர் மேளம். கீபோர்டு கிடையாது. ரூலேரின் அடி குரலை மூடாமல் கீழே தனியாக நின்றால் பதிவும் அறையும் இரண்டும் சரி.

ரவானுக்கு, கடையில் வெறும் 'சேகா' (மொரிஷியஸின் நாட்டு இசை) என்று இருப்பதை வாங்காதீர்கள். பெரும்பாலும் எலெக்ட்ரானிக் டிரம்முக்கு அடியில் ரவான் புதைந்திருக்கும். 'சேகா திபிக்' (மரபுச் சேகா) என்று தேடுங்கள், அல்லது ரவான் கலைஞர் மென்வாரின் பதிவுகளைத் தேடுங்கள். ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் ரவானின் நாதம் இறங்கியிருந்தால் அது பதிவுக் குறை இல்லை. ஆட்டுத் தோலை நெருப்பில் காய்ச்சித்தான் வாசிப்பார்கள், ஈரக் காற்றில் தோல் தளரும். செயற்கைத் தோல் போட்ட ரவானில் அந்த இறக்கம் வராது, மேல்நாதம் மட்டும் கூடுதலாக நீளும்.

வாங்கியபின் கோப்பை ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அதிர்வெண்வரை ஒலி இருக்கிறது என்று காட்டும் படம்) பாருங்கள். நஷ்டமற்றது என்று விற்ற கோப்பு 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால் அது எம்.பி.3யிலிருந்து மாற்றியதாக இருக்க வாய்ப்பு அதிகம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று சொல்லி 22 கிலோஹெர்ட்ஸில் நின்றால் சி.டி.யைத்தான் ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள். பிறகு அலைவடிவத்தைப் பெரிதாக்குங்கள். அடியின் முனை கூராக இல்லாமல் மொட்டையாக இருந்தால் நசுக்கியாயிற்று. டி.ஆர். மீட்டர் (உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளியை அளக்கும் கருவி) எண் 8க்குக் கீழே இருந்தால் தாளத் தட்டுக்கு ஆகாது, 14க்கு மேல் நல்லது. எல்.பி.யிலிருந்து எடுத்த கோப்புக்கு இந்த எண் தானாகவே கூடும், அதை சி.டி.யோடு ஒப்பிடக் கூடாது.

தனி ஆவர்த்தனம், காத்ர் போர்ன்

நன்றி. ஸ்ட்ரீமிங்கில் கேட்டு முடிவு செய்து பிறகு வாங்கலாமா? கச்சேரிப் பதிவு, தொப்பி இரண்டும் இன்னும் நிற்கின்றன.

வாக்வா ஒலி

ஸ்ட்ரீமிங்கில் தாராளமாகக் கேட்டுப் பார்க்கலாம். ஆப்பிள் மியூசிக்கில் லாஸ்லெஸ்ஸை (நஷ்டமற்ற தரத்தை) அமைப்பில் போய் இயக்குங்கள், டால்பி அட்மாஸை அணைத்துவிடுங்கள், அது வேறு மிக்ஸ். புளூடூத் வேண்டாம், கம்பி வழியே டாக்குக்குப் போகட்டும். இரண்டு தட்டுகளை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதியை இயக்கியே வையுங்கள். ஒரு டெசிபல் சத்தமானது எப்போதும் நல்லது போலத் தோன்றும். ஸ்பாட்டிஃபையில் 'லவுட்' நிலை மட்டும் கூடாது, அது தன் பங்குக்கு ஒரு லிமிட்டர் போடும்.

கச்சேரி: அதில் குறை உங்கள் ஸ்பீக்கரிடம் இல்லை. சபாவின் மிக்ஸ் பாடகருக்காகச் செய்வது. அதையே பதிவாக வெளியிட்டால் மிருதங்கம் பாட்டுக்கு அடியில்தான் இருக்கும். தனி ஆவர்த்தனப் பகுதிக்கு நேராகப் போய்க் கேட்டு முடிவு செய்யுங்கள். அங்கேயும் மங்கலாக இருந்தால் பதிவு மங்கல். தவிலுக்கு எதிர்த் தொல்லை: திறந்தவெளிக்கான வாத்தியத்தின் அருகில் மைக் வைத்து, அடி ஒவ்வொன்றும் கிழிந்து கேட்கும் பதிவுகள் ஏராளம். தள்ளி நின்று எடுத்ததைத் தேடுங்கள்.

தொப்பிக்குக் காரணம் அறை. 1960இல் கரோல் புயல் வீடுகளை அடித்துப்போன பிறகு இந்த ஊரே கான்கிரீட்டுக்கு மாறியது. புயலுக்குக் கெட்டியான சுவர் அடிநாதத்தையும் வெளியே விடாது. உங்கள் அளவுக்கு அறையின் அதிர்வுகள் 43, 57, 64 ஹெர்ட்ஸில் விழுகின்றன, அவற்றின் இரட்டிப்பு 86, 114, 127இல். அகலமும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் 57உம் 64உம் சேர்ந்து வீங்கும், 114உம் 127உம் அப்படியே. தொப்பியும் ரவானும் இந்த வட்டாரத்தில்தான் பேசுகின்றன.

காசு செலவில்லாததை முதலில் செய்யுங்கள். பின்சுவரில் ஒட்டி உட்கார வேண்டாம், நீளத்தின் நடுவிலும் வேண்டாம். காது பின்சுவரிலிருந்து 1.5 மீட்டரில் இருக்கட்டும். ஸ்பீக்கர் முன்சுவரிலிருந்து 60 முதல் 70 சென்டிமீட்டர். காற்றுத்துளையில் ஸ்பீக்கரோடு வந்த ஸ்பாஞ்ச் அடைப்பை வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் சுருட்டிய சாக்ஸ். ஆழம் கொஞ்சம் குறையும், ஆனால் அடி நின்ற இடத்தில் நிற்கும். தாளத்துக்கு எனக்கு இதுதான் சரி.

அடுத்து கைதட்டிப் பாருங்கள். 'டர்ர்' என்று வால் வந்தால் டைல்ஸும் கூரையும் ஒலியை மாற்றி மாற்றி எறிகின்றன. ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே அடியில் ஃபெல்ட் வைத்த தடித்த கம்பளம் ஒன்று விரித்தால் கஞ்சிராவும் கயாம்பும் தெளியும். அடிநாதத்துக்கு அது உதவாது. 60 ஹெர்ட்ஸின் அலைநீளம் 5.7 மீட்டர். சுவரில் ஒட்டும் மெல்லிய ஸ்பாஞ்சுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. மூலைகளில் 30 சென்டிமீட்டர் தடிமனுக்கு ராக்வூல் (பாறைப்பஞ்சு) அடுக்கினால் ஓரளவு அசையும். அதைவிடச் சிக்கனம்: ரூம் ஈ.க்யூ. விசார்ட் என்ற இலவச மென்பொருளும் ஒரு அளவீட்டு மைக்கும். அளந்து பார்த்து, 57 முதல் 64 ஹெர்ட்ஸ் வரை வீங்கியிருக்கும் அளவுக்கு மட்டும் கணினியின் ஈக்வலைசரில் குறையுங்கள். பள்ளமாகத் தெரிகிற இடத்தை ஏற்றப் பார்க்காதீர்கள். எதிர் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் இடம் அது, ஊட்டுகிற வாட் எல்லாம் வூஃபரைத்தான் வதைக்கும்.

ஆம்ப்ளிஃபயர் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 86 டெசிபல் ஸ்பீக்கர், 2 மீட்டரில் 6 குறையும், இரண்டு ஸ்பீக்கருக்கு 3 கூடும்: ஒரு வாட்டில் 83. 50 வாட் அதன்மேல் 17 தரும், ஆக உச்சம் 100. நசுக்காத பதிவில் உச்சம் சராசரிக்கு 20 மேலே என்றால் சராசரி 80 வரை போகலாம். அதற்குமேல் திருகினால் ஆம்ப்ளிஃபயரே முனையை வெட்டும், பதிவு மோசம் என்று தவறாகத் தோன்றும்.

மோகா மிருதங்கம்

வாக்வா அண்ணா சொன்ன இருக்கை மாற்றத்தைச் செய்தபின் அதே தபலாப் பதிவை மறுபடி போடுங்கள். பாயா (தபலா ஜோடியின் அடிநாத மேளம்) கையடியில் நாதம் சறுக்கி ஏறும் இடம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு பலத்தில் கேட்கிறதா பாருங்கள். சில சுரத்தில் மட்டும் பெருத்து, சிலவற்றில் காணாமல் போனால் நாற்காலியை 20 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தி மீண்டும் கேளுங்கள்.