புதுப்பிப்பு: முன் அனுபவம் இல்லாமல் இசைத்துறை பி.ஆர். (மக்கள் தொடர்பு) வேலை, எனக்குக் கைகொடுத்த வழி

சென்னையில் இசைக் கலைஞர்களுக்கான பி.ஆர். வேலையில் எப்படி நுழைவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு சிறிய நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்துவிட்டேன்.

பலித்தது, "பயோடேட்டா அனுப்புவதை விடுங்கள், தெரிந்த சுயாதீனக் கலைஞர் ஒருவரின் பாடலுக்கு நீங்களே வேலை செய்யுங்கள்" என்ற யோசனைதான். ஒரு பக்கச் செய்திக்குறிப்பு, தெளிவான படங்கள், பாடலின் லிங்க் ஆகியவற்றை நிருபர்களுக்குத் தனித்தனியாகப் பெயர் சொல்லி அனுப்பினேன். ஸ்பாட்டிஃபையில் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே பாடலை பிட்ச் செய்துவிடுங்கள் (அதாவது, ப்ளேலிஸ்ட்டுகளில் சேர்க்கச் சொல்லி அவர்களின் ஆசிரியர் குழுவுக்கு அனுப்புவது). அப்போதுதான் கலைஞரின் ஃபாலோயர்களுக்குப் புதுப் பாடல்களைத் தொகுத்துத் தரும் 'ரிலீஸ் ரேடார்' ப்ளேலிஸ்ட்டில் வரும். நேர்முகத்தில் அந்தப் பாடலுக்கு நான் செய்த வேலையைப் பற்றித்தான் கேட்டார்கள்.

எதிர்பாராதது: மார்கழியில் பத்திரிகைகளின் இசைப் பக்கங்களைக் கச்சேரி விமர்சனங்களே நிறைத்துவிடுகின்றன. சுயாதீனப் பாடல் என்றால் பொங்கலுக்குப் பிறகு அனுப்புங்கள்.