துணி போகவில்லை, நூல்தான் போனது: திருகோணமலையில் கான்வஸ் பை பட்ட பாடு

உப்புவெளி டீச்சர்:

கல்லோயாச் சந்தியில் இரவு ரயில் நின்றபோது, இறங்கித் தேத்தண்ணி குடிப்போம் என்று பையைத் தூக்கித் தோளில் போட்டேன். தோள்வார் மட்டும் கையோடு வந்தது. பை தரையில் விழுந்து வாய் திறந்து, பிள்ளைகளின் விடைத்தாள் கட்டு மேடையில் சிதறிவிட்டது. இரண்டு பொடியன்கள் ஓடி வந்து பொறுக்கித் தந்தார்கள். கொழும்பு போய்ச் சேரும் வரை அந்தப் பையைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் யோசித்து யோசித்து, கூடிய விலை கொடுத்து வாங்கிய கான்வஸ் பை அது. "வாழ்நாள் முழுக்கப் பாவிக்கலாம்" என்றார்கள். விடிந்த பிறகு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். துணியில் ஒரு கிழிசல் கூட இல்லை, இரண்டு கையாலும் இழுத்தாலும் அசையவில்லை. வார் வந்து சேரும் வளையத்தைச் சுற்றித்தான் கபில நிறத்தில் துருக்கறை. அந்த இடத்து நூலை நகத்தால் நெருடினேன். திருநீறு மாதிரி உதிர்ந்தது.

எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். வேலை முடிந்து வந்தால் பையைக் கடல் பக்கத்து யன்னல் ஆணியில்தான் கொழுவுவேன். வாடைக்காற்று முழுக்க அதில்தான் அடித்திருக்கிறது. இந்த ஊரில் பை வாங்குகிறவர்கள் எதைப் பார்த்து வாங்குகிறீர்கள்? பட்டறிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிண்ணியா டெய்லர்:

வணக்கம் டீச்சர். நான் படங்கு, மெசின் கவர், வள்ளத்து மறைப்பு, பை எல்லாம் தைக்கிறவன். உங்கட பை மாதிரி மாதத்துக்கு நாலஞ்சு என்ட மேசைக்கு வருது. எல்லாத்திலயும் ஒரே கதைதான், துணி நல்லா இரிக்கு, நூல் இல்லை.

இரும்பு வளையத்துக்கு மேல மெல்லிசா வெள்ளி மாதிரி பூசி வாறாங்க. அந்தப் பூச்சு எங்கட காத்துக்கு ஒரு வருசம் தாங்காது. பூச்சு போனா துரு. துரு பிடிச்ச இடத்தில பருத்தி நூலும் பருத்தி நாடாவும் உக்கிப் போகும். பழைய வெள்ளைச் சேட்டில ஆணிக் கறை பட்ட இடம் முதல்ல ஓட்டை விழுறது கண்டிருப்பீங்க, அதே சங்கதிதான். வளையம் துருப்பிடிக்க, பக்கத்தில இருந்த நூல் செத்தது. கடலுக்குத் தள்ளி உள்ள ஊரில அதே பை இன்னும் கனகாலம் இருந்திருக்கும்.

ஆகவே பை வாங்கப் போனா முதல்ல உள்பக்கத்தை வெளியில புரட்டுங்க. வெளியில எல்லாப் பையும் வடிவுதான். உள்ள வெட்டின ஓரம் நூல் நூலாத் தொங்குதா, இல்லாட்டி நாடா வைச்சு மூடித் தைச்சிரிக்கா? தொங்கினா அந்தப் பையை வைச்சிட்டு வாங்க. வார் சேருற இடத்தில சதுரமாத் தைச்சு நடுவில பெருக்கல் அடையாளம் போட்டிருக்க வேணும். ஒரே கோடாத் தைச்சிருந்தா எல்லாப் பாரமும் அந்த ஒரு கோட்டிலதான் தொங்கும்.

தையல் நெருக்கமா இருந்தா பலம் எண்டு சனம் நினைக்குது. மெல்லிசுத் துணிக்கு அது சரி. தடிச்ச கான்வஸுக்கு ஒரு அங்குலத்தில 6 தொடக்கம் 8 தையல் போதும். அதுக்கு மேல போனா ஊசி ஓட்டைகள் முத்திரையைக் கிழிக்கிற கோடு மாதிரி ஆகிடும். துணி அந்தக் கோட்டோட கிழியும்.

நூல் என்ன நூல் எண்டு கடைக்காரரிட்டக் கேட்டுப் பலனில்லை. பையில எங்கயாவது மிச்ச நூல் தொங்கும். அதில அரை அங்குலம் வெட்டித் தாங்க எண்டு கேட்டு வாங்கி, வெளியில வந்து நெருப்புக்குச்சியில பிடிங்க. கடதாசி எரியிற மணம் வந்து சாம்பலாப் போனா பருத்தி. உருகிச் சின்ன மணி மாதிரி இறுகினா செயற்கை நூல். எங்கட ஊருக்கு பொலியெஸ்டர் நூல்தான். நைலோனும் பலம்தான், ஆனா வெயில்ல கிடந்து கிடந்து அது பொலியெஸ்டரை விடச் சுறுக்கா நொய்ஞ்சு போகும்.

துணியின்ட பாரத்தை அவுன்ஸில சொல்லுவாங்க. ஒரு சதுர யார் துணியின்ட நிறை அது. 12 அவுன்ஸ் எண்டா சதுர மீற்றருக்கு 400 கிராம் அளவு வரும், 18 அவுன்ஸ் 600 கிராமுக்கு மேல. தினம் வேலைக்குக் கொண்டுபோற பைக்கு 12 போதும், உபகரணம், சாமான் ஏத்திறவங்களுக்கு 18. சிலர் அவுன்ஸ் சொல்லாம நம்பர் சொல்லுவாங்க. அதில கவனம், நம்பர் கூடக் கூடத் துணி மெல்லிசு. 10ஆம் நம்பர் கிட்டத்தட்ட 15 அவுன்ஸ், 12ஆம் நம்பர் 12 அவுன்ஸுக்கும் கொஞ்சம் குறைவு. 12 பெரிசு எண்டு நினைச்சு மெல்லிசை வாங்கிட்டு வந்து அழுத ஆக்கள் இரிக்காங்க.

நிலாவெளி வள்ளக்காரன்:

டெய்லர் நானா சொன்னதில ஒரு சொல்லும் பிழையில்லை. நான் புறாமலைத் தீவுக்கு ஆக்களை ஏத்தி இறக்கிற ஆள். கரையில இருந்து ஒரு கிலோமீற்றர்தான், ஆனா சோளகக் காத்து எழும்பின நாளில அந்த ஒரு கிலோமீற்றரிலயே எல்லாம் நனைஞ்சு போகும்.

உப்புத்தண்ணி பட்ட பையை வெயில்ல காயப்போட்டாப் போதும் எண்டு கனபேர் நினைக்கினம். போதாது. தண்ணி போகும், உப்பு துணிக்குள்ளயே கிடக்கும். உப்பு காத்தில உள்ள ஈரத்தை இழுக்கும். பகல் முழுக்க மொறுமொறு எண்டு காஞ்ச பை இரவு தொட்டுப் பாத்தா பிசுபிசு எண்டு கிடக்கும். அந்த ஈரம்தான் வளையத்தையும் சிப்பையும் தின்னுறது. நல்ல தண்ணியில முக்கி எடுத்து, பிழிஞ்சு, திரும்பவும் முக்கி, தலைகீழாத் தொங்கவிட வேணும். எங்கட பக்கம் சில கிணறு உவர். அதில கழுவிப் பலனில்லை, மழைத்தண்ணி பிடிச்சு வைச்சா அதில கழுவுங்கோ.

வள்ளத்தில கயிறு, நங்கூரம் வைக்கிறதுக்குக் கான்வஸ் பை மாதிரி ஒண்டும் வராது. நங்கூரத்தின்ட கொழுக்கி உரசி உரசி உரப்பை ஒரு மாதத்தில நாராகிடும், கான்வஸ் நிக்கும். அடியில நாலு ஓட்டை போட்டு வளையம் அடிச்சு வைச்சிருக்கிறன், தண்ணி தானா வடிஞ்சிடும். ஆனா போன், கமெராவை அதில போடாதேங்கோ. தடிச்ச கான்வஸ் எண்டா தண்ணி போகாது எண்டு ஒருத்தர் கமெராவோட ஏறினவர். தூறலுக்கு அது தாங்கும், நூல் ஊறிப் பருத்து இடைவெளி அடைபடும். அலை அடிச்சாத் தாங்காது. அவர் கரையில இறங்கிப் பையைத் திறந்தபோது நான் பக்கத்தில நிண்டனான். அந்த முகத்தை இன்னும் மறக்கேல்லை. இப்ப ஏறுற ஆக்களுக்கு வாய் சுருட்டி மூடுற றப்பர் பை நானே குடுக்கிறன்.

டொக்யாட் பேரன்:

எங்கள் வீட்டில் ஒரு பை இருக்கிறது. அம்மப்பா டொக்யாட்டில் (கடற்படைக் கப்பல்தளத்தில்) வேலை செய்தவர். 1957இல் பிரிட்டிஷ் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது கிடைத்தது என்று அம்மா சொல்வார். மாலுமிகள் தோளில் போட்டுக்கொண்டு போகும் உருளைப் பை. நிமிர்த்தி வைத்தால் என் இடுப்புக்கு வரும். பெயர் எழுதிய மை மங்கி இரண்டு எழுத்துத்தான் தெரிகிறது.

டீச்சரின் பதிவைப் படித்ததும் அதை இறக்கி எடுத்து வந்து முற்றத்தில் வைத்து ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன். அடி வட்டம் கையால் தைத்தது. நூலில் தேன்மெழுகு தடவியிருக்கிறார்கள், நகத்தால் சுரண்டினால் இன்னும் மெழுகு வருகிறது. சிப் இல்லை, கொளுக்கி இல்லை, இரும்பு என்று ஒரு குண்டூசி கூட இல்லை. வாயைச் சுற்றிப் பித்தளைக் கண்கள், அதற்குள் ஒரு கயிறு. பித்தளை பச்சை பிடித்திருக்கிறது, துணியைத் தின்னவில்லை. கயிற்றை மட்டும் அப்பா ஒரு தடவை மாற்றினாராம். உடைவதற்கு அதில் எதுவுமே இல்லை, அதுதான் அறுபது வருடத்துக்கு மேல் நிற்கிறது. பத்துப் பொக்கட்டும் ஆறு கொளுக்கியும் வைத்த பையைக் கடையில் கண்டால் இனி எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

வேல் யாத்திரை:

நான் கதிர்காமத்துக்கு நடந்து போனவள். திருகோணமலையில் தொடங்கி, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோயில், பொத்துவில், பாணமை, உகந்தை, பிறகு காடு. பலமான பை வேண்டும் என்று ஊரில் இருந்த ஆகத் தடித்த கான்வஸ் பையாகப் பார்த்து வாங்கினேன். இங்கே எல்லோரும் பலத்தைப் பற்றியே சொல்கிறீர்கள், நான் பாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். வெறும் பையே இரண்டு கிலோ. வெருகலுக்கு முன்பே தோளில் வார் பதிந்து சிவந்துவிட்டது. வாரின் அகலம் ஒரு அங்குலம்தான். மட்டக்களப்பில் ஒரு வீட்டு அம்மா பழைய சீலையை நாலாக மடித்துச் சுற்றித் தைத்துத் தந்தார். அந்தத் தையலோடுதான் கதிர்காமம் வரை போனேன்.

குமுக்கன் ஆற்றில் இறங்கிக் கடந்தபோது பை பாதி நனைந்தது. பருத்தி குடித்த தண்ணீர் இலகுவில் போகவில்லை. காட்டுக்குள் நாவலடி தாண்டியும் முதுகு ஈரமாகவே இருந்தது. எங்களோடு வந்த வயதான ஐயா ஒருவர் உரப்பையில் அரிசியும் ஒரு வேட்டியும் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தார். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் கான்வஸ் நல்லது, அந்தப் பை இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. நாள்கணக்கில் நடக்கப் போகிறவர்கள் கடையிலேயே வெறும் பையை ஒரு தராசில் போட்டுப் பாருங்கள். வார் இரண்டு அங்குலத்துக்குக் குறைந்தால் வேண்டாம்.

உப்புவெளி டீச்சர்:

அக்கா, தராசு யோசனையை எழுதி வைத்துக்கொண்டேன். நேற்றுப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக் காந்தத்தைக் கொண்டுபோய் ஐந்து பைகளின் வளையத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றில் ஒட்டியது. ஒட்டாத இரண்டும் நல்லது என்று எடுக்கலாமா, நானா?

கிண்ணியா டெய்லர்:

அவசரப்படாதீங்க டீச்சர். காந்தம் ஒட்டினா இரும்பு, அது விளங்கிச்சு. ஒட்டாதது எல்லாம் பித்தளை இல்லை. நாக (துத்தநாக) வார்ப்பும் ஒட்டாது. அது துருப்பிடிக்காது, ஆனா திடீரெண்டு ரெண்டாப் பிளந்திடும், உள்ள பாத்தா சாம்பல் நிறத்தில மணல் மாதிரி இரிக்கும். வளையத்தின்ட அடிப்பக்கம் மறைவா ஒரு கீறல் போட்டுப் பாருங்க. மஞ்சள் தெரிஞ்சா பித்தளை.

சிப்பும் அப்படித்தான். கரையோரத்தில வார்த்த பிளாஸ்ரிக் பல் வைச்ச சிப்தான் நல்லது, உலோகப் பல் உப்புக்கு இறுகிடும். பெரிய வாய்க்கு 10ஆம் நம்பர், உள் பொக்கட்டுக்கு 5. மூடின பல்லின்ட அகலம் ஏறத்தாழ அந்த நம்பர் மில்லிமீற்றர்தான், அடிமட்டம் வைச்சே பாக்கலாம். இறுகினா மெழுகுதிரியை ரெண்டு பக்கமும் தேயுங்க, தேங்காயெண்ணெய் வேணாம், மண்ணைப் பிடிச்சு வைச்சுக்கொள்ளும்.

சீனன்குடா:

மெழுகு என்றதும் என் அனுபவமும். தேன்மெழுகும் மெழுகுதிரியும் கொதிநீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, பை முழுக்கத் தடவினேன். தண்ணீர் உருண்டு ஓடியது, சந்தோசம். சித்திரை வெயிலில் பஸ் யன்னலோரம் வைத்தபோது மெழுகு இளகி, பக்கத்தில் இருந்தவரின் வெள்ளைச் சேட்டில் பிடித்துவிட்டது. அந்த மனிதர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனம் ஆறவில்லை. இப்போது அடிப்பாகத்துக்கும் மேல்மூடிக்கும் மட்டும் தடவுகிறேன். மாரியில் பூஞ்சணம் பிடித்தால் காயவைத்து, தூரிகையால் தட்டிவிட்டு, வினாகிரி கலந்த தண்ணீரால் துடைப்பேன். வெளுக்கும் திரவம் போட்டால் பூஞ்சணத்தோடு துணியும் பலம் கெடும்.

உப்புவெளி டீச்சர்:

கடையில் வாங்கவில்லை. கிண்ணியாப் பாலம் தாண்டிப் போய் நானாவிடமே தைத்தேன். 12 அவுன்ஸ் துணி, அடிக்கு மட்டும் இரட்டைத் துணி. வெட்டுவதற்கு முன் துணியை ஒரு இரவு ஊறவைத்துக் காயவைத்தார். ஒரு யாரில் இரண்டு அங்குலம் சுருங்கியதை நாடா வைத்துக் காட்டினார். முதலில் வெட்டியிருந்தால் முதல் கழுவலிலேயே பை கோணியிருக்கும். வளையமே இல்லை. இரண்டு அங்குல வார் அடிவரை ஓடி, பையைச் சுற்றி மறுபக்கம் ஏறுகிறது. வாய்க்குச் சிப்புக்குப் பதில் மூடியும் இரண்டு மரப் பொத்தானும்.

நேற்று இரவு பதினைந்து கிலோ அரிசியைப் போட்டு மாமரக் கிளையில் தொங்கவிட்டேன். விடிய எழும்பி, வார் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு தையலும் அசையவில்லை. இனி யன்னல் ஆணியில் அல்ல, உள்ளறைக் கதவுக்குப் பின்னால்தான் கொழுவப் போகிறேன்.

நானா, பழைய பையின் துணியை எறிய மனம் வரவில்லை. அதில் பிள்ளைக்கு ஒரு சின்னப் பை வெட்டலாமா?

கிண்ணியா டெய்லர்:

தாராளமா, டீச்சர். துருக்கறை பட்ட இடத்தைச் சுத்தி மூணு அங்குலம் விட்டு வெட்டி எறிஞ்சிட்டு மிச்சத்தைக் கொண்டு வாங்க. கொண்டு வர முன்னம் ஒரு ராத்திரி நல்ல தண்ணியில ஊறட்டும்.