அகதிக் கேஸ் மறுக்கப்பட்டவர் இங்கிலாந்தில ஜிபியிட்ட (குடும்ப வைத்தியரிட்ட) போகலாமோ?

வன்னியூரான்:
ஈஸ்ட்ஹாமில ஒருவர், அப்பீலும் தோத்துப்போச்சு. சலரோகக்காரன். மூண்டு கிழமைக்கு மேல இருமல். ஜிபியில பதியப் போனால் பாஸ்போர்ட், விசா கேட்டுத் திருப்பி அனுப்பிப்போட்டினம். ஹோம் ஒஃபிஸுக்கு (குடிவரவைப் பார்க்கிற உள்துறை அமைச்சுக்கு) தகவல் போகும் எண்டு இப்ப எங்கயும் வரமாட்டாராம். என்ன செய்யலாம்?

தேம்ஸ்கரை:
ரிசெப்ஷனில செய்தது பிழை. ஜிபியில பதிய விசாவும் வேண்டாம், விலாச அத்தாட்சியும் வேண்டாம். ஜிபி வைத்தியம் எல்லாருக்கும் இலவசம். பெயரையும் நிறத்தையும் பார்த்துச் சிலரிட்ட மட்டும் பேப்பர் கேக்கிறது 2010 சமத்துவச் சட்டப்படி பாகுபாடு. ஜிஎம்எஸ்1 படிவத்தை நிரப்பிக் குடுங்கோ. என்ஹெச்எஸ் (அரச சுகாதார சேவை) நம்பர் இல்லாட்டி அந்த இடத்தை வெறுமையா விடலாம். மறுத்தால் வாய்ச்சண்டை வேண்டாம், காரணத்தை எழுத்தில கேளுங்கோ. 14 நாளுக்குள்ள தரவேணும். "விசா இல்லை" எண்டு எழுதித்தர ஆரும் துணியாயினம்.

பயம் சும்மா வந்ததில்லை. 2012இல தெரேசா மே தொடக்கின 'பகைச் சூழல்' கொள்கையின்ர விளைவு. 2017இல என்ஹெச்எஸ் தரவுகளை வைச்சிருந்த என்ஹெச்எஸ் டிஜிட்டல், நோயாளியளின்ர விலாசத்தை ஹோம் ஒஃபிஸுக்குக் குடுக்க உடன்படிக்கையே இருந்தது. நாடாளுமன்றக் குழு எதிர்த்து, 2018இல கைவிட்டவை. அதை அவருக்கு விளங்கப்படுத்துங்கோ.

மருந்துச்சீட்டு:
ஜிபி மாதிரி இல்லை ஆஸ்பத்திரி. அப்பீல் முடிஞ்சவருக்கு இங்கிலாந்தில வழமைக் கட்டணத்தின்ர 150% பில் வரும் (ஸ்கொட்லாந்து, வேல்ஸில இல்லை). அகதிக் கேஸ்காரருக்கு அரசாங்கம் குடுக்கிற செக்ஷன் 95 அல்லது 4(2) உதவி எடுக்கிறவர் தப்பலாம். ஏ அண்ட் ஈ (அவசர சிகிச்சைப் பிரிவு) இலவசம், ஆனா வார்டில அனுமதிச்ச நேரம் தொடக்கம் கணக்கு ஓடும்.

மூண்டு கிழமைக்கு மேல இருமல் எண்டால் காசநோயோ எண்டு பார்க்கவேணும், அதுக்குப் பில் பயமே வேண்டாம். காசநோய்ச் சோதனையும் வைத்தியமும் ஆருக்கும் இலவசம். நோய் இல்லை எண்டு முடிவு வந்தாலும் அதுவரைக்குமான சோதனைக்குக் காசில்லை. சித்திரவதையால வந்த பாதிப்புக்கும் அப்படித்தான், ஆனா வாய் திறந்து சொல்லவேணும். கேஸ் நடக்கேக்க தொடங்கின வைத்தியம் முடியும் மட்டும் இலவசம். தொடங்கின திகதி உள்ள கடிதத்தைக் கவனமா வையுங்கோ.

பில் வந்தால் ஒளிக்கக்கூடாது. 500 பவுணுக்கு மேல ரெண்டு மாதம் கட்டாமல் கிடந்தால் ஹோம் ஒஃபிஸுக்கு அறிவிப்பினம், பிறகு விசா மறுக்க அதுவே காரணமாகலாம். கட்டக்கூடிய தவணையைப் பேசி எழுத்தில எடுங்கோ.

வன்னியூரான்:
நன்றி. சலரோக மருந்துக்கு? இங்கிலிஷும் வராது.

தேம்ஸ்கரை:
குளிசையோ இன்சுலினோ எடுக்கிறவருக்கு ஜிபி எஃப்பி92ஏ படிவத்தில ஒப்பமிட்டால் 5 வருசத்துக்கு மருந்து இலவசம். சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் எண்டால் அது இல்லை. வருமானம் குறைஞ்சவருக்கான எச்.சி.1 படிவத்தை நிரப்பி, மருந்து இலவசமாக்கிற எச்.சி.2 சான்றிதழ் எடுக்கவேணும். மொழிபெயர்ப்பாளருக்கும் காசில்லை, அப்பொயின்ட்மென்ட் எடுக்கேக்கயே இலங்கைத் தமிழ் எண்டு சொல்லுங்கோ. பிள்ளையளை மொழிபெயர்க்க விடாதேங்கோ. சளியில ரத்தம், இரவு வேர்வை, நிறை குறைவு எண்டதுகளை ஆரும் பிள்ளைக்கு முன்னால சொல்லாயினம், டொக்டருக்கு அதுகள்தான் முதல் தேவை.