ஜூன், ஜூலையில் புத்ராஜெயா ஈரநிலம்: போகலாமா?

கோரைக்கரை (செராஸ்)
வணக்கம். வலசைப் பறவைகள் கிளம்பிவிட்டன. இந்த இரண்டு மாதமும் மலேசியாவின் புத்ராஜெயா ஈரநிலப் பூங்காவுக்குப் போய்ப் பயனுண்டா? போன ஞாயிறு தண்ணீரோரம் பழுப்புக் கோடு போட்ட சின்னக் கொக்கு ஒன்று நின்றது. மடையான் என்று பட்டியலில் சேர்த்துவிட்டேன், சரிதானே? தட்டான் படமும் எடுக்க வேண்டும். கையில் 300 மிமீ லென்ஸ்.

வக்கா (காஜாங்)
மடையானை எடுத்துவிடுங்கள். இங்கே அது குளிர்கால வரவு, ஜூனில் கண்டால் படத்தோடுதான் பதிய வேண்டும். நீங்கள் பார்த்தது அநேகமாகச் சிறு பச்சைக் கொக்கின் இளம்பறவை. மடித்த இறக்கையில் இறகு நுனிதோறும் கடுகளவு வெள்ளைப் புள்ளி இருக்கும். பறந்தால் இறக்கை கருஞ்சாம்பல்தான். மடையான் எழும்பினால் இறக்கை இரண்டும் பளீரென்று வெள்ளையாகத் தெரியும், உட்கார்ந்ததும் அந்த வெள்ளை மறைந்துவிடும். வக்கா என்னும் இராக்கொக்கின் இளசுக்கும் புள்ளி உண்டு, ஆனால் புள்ளி பெரிது, உடல் தடி.

இந்த மாதங்களில் இன்னொரு குழப்பம் பஞ்சுருட்டான், தேனீ பிடித்துத் தின்னும் பறவை. நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் மணல் கலந்த தரையில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கிறது. பெரியதற்கு உச்சந்தலை செம்பழுப்பு, இளசுக்குப் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்து 'நீலவால்' என்று எழுதிவிடுகிறார்கள். தலையை விடுங்கள், தொண்டையைப் பாருங்கள். நீலவாலுக்குத் தொண்டை செம்பழுப்பு. புல்தரையில் வளை தெரிந்தால் சுற்றிப் போங்கள், மிதித்தால் சரிந்துவிடும்.

மஞ்சள் மூக்கு நாரை தென்பட்டால் துள்ளிக் குதிக்காதீர்கள். கோலாலம்பூர் வட்டாரத்தில் திரிபவை நெகாரா மிருகக்காட்சிசாலையில் திறந்துவிடப்பட்ட கூட்டத்தின் வழி வந்தவை. குறிப்பில் அதையும் எழுதுங்கள்.

ஊசித்தட்டான் (பாங்கி)
தட்டானுக்கு விடியற்காலை ஓட்டம் வேண்டாம். வெயில் ஏறி உடல் சூடான பிறகுதான் பறக்கும், ஒன்பதரை மணி போதும். இந்தப் பருவத்தில் சில நாள் விடிகாலையில் சுமத்ராப் பக்கமிருந்து காற்றுமழை அடிக்கும். அது விட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள்.

இந்த ஈரநிலம் ஏரிக்கு வரும் நீரை வடிகட்டக் கட்டிய 24 தடுப்புக் குளங்கள். ஆழமில்லாத, கோரை அடர்ந்த ஓரங்கள்தான் நம் இடம். முதலில் தண்டுகளைப் பாருங்கள்: முதுகு பிளந்த காலித் தோல் ஒட்டியிருந்தால் அங்கே தட்டான் வெளிவந்திருக்கிறது.

சிறகெல்லாம் செங்கல் நிறம், நுனி மட்டும் கண்ணாடி போல் இருந்தால் ஆண் நியூரோதெமிஸ் ஃப்ளக்சுவன்ஸ். பெண்ணுக்கு அந்தச் சிவப்பு கிடையாது, வேறு இனம் என்று ஏமாறாதீர்கள். மஞ்சளும் கருப்புமாய் வண்ணத்துப்பூச்சி போல் மிதப்பது ரயோதெமிஸ் ஃபில்லிஸ். இடுப்பு ஒடுங்கிய பச்சை-கருப்புத் தட்டான் வாயில் இன்னொரு தட்டான் இருந்தால் சந்தேகமே வேண்டாம், ஒர்தெட்ரம் சபினா.

படத்துக்கு: பக்கவாட்டில், உடலுக்கு இணையாக லென்ஸ். சாய்ந்து எடுத்தால் தலை தெளிவாக இருக்கும், வால் கலங்கிவிடும். லென்ஸ் துளை எஃப் 8, உட்கார்ந்திருப்பதற்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி. உங்கள் நிழல் மேலே விழுந்தால் பறந்துவிடும். ஆனால் அதே கொம்புக்குத் திரும்பி வரும், இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். உச்சி வெயிலில் வாலைச் செங்குத்தாகத் தூக்கி நிற்கும். நோயல்ல, உடலில் வெயில் படும் பரப்பைக் குறைக்கிறது.

கோரைக்கரை
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இறகு நுனியில் புள்ளி இருக்கிறது, பட்டியலைத் திருத்திவிட்டேன். செந்நாரை ஜூலையில் இருக்குமா?

வக்கா
இருக்கும், ஆண்டு முழுக்க. நாணலுக்குள் கழுத்தை நீட்டி அசையாமல் நிற்பதால் பலரும் குச்சி என்று தாண்டிப் போகிறார்கள். 8×42 தொலைநோக்கியால் நாணல் விளிம்பை மெதுவாக ஒருமுறை துழாவுங்கள்.