மஹோகனி கிட்டாருக்கு ரேகை தெரியும் வெளிர் மஞ்சள்: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மஹோகனியில் (செம்பழுப்பு மரம்) ஒரு கிட்டார் பாடி அறுத்து, 220 உப்புத்தாள் வரை தேய்த்து வைத்திருக்கிறேன். 1950களின் கிப்சன் லெஸ் பால் ஜூனியர் கிட்டாரில் வந்த 'டிவி மஞ்சள்' போல வெளிறிய நிறம் வேண்டும். ஆனால் மர ரேகை மறையக் கூடாது.

துண்டு மரத்தில் தண்ணீரில் கரையும் மஞ்சள் சாயம் போட்டுப் பார்த்தேன். ஈரத்தில் அழகு, காய்ந்ததும் செம்பழுப்பு. காவி வேட்டியை மஞ்சள் சாயத்தில் முக்கியெடுத்த கதைதான். சாயம் நிறத்தைக் கூட்டுமே தவிர, அடியில் உள்ள மரத்தை வெளுக்காது.

எனக்குத் தெரிந்து இரண்டு வழி. ஒன்று, காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கொண்ட இரண்டு பாட்டில் ப்ளீச். (ஆக்ஸாலிக் அமிலம் இரும்புக் கறைக்குத்தான் சரி, மரத்தின் சொந்த நிறத்தை எடுக்காது.) இன்னொன்று, கிளியர் லாக்கரில் (நிறமில்லாத மேல்பூச்சு) துளி வெள்ளை நிறமி கலந்து மெல்லிசாக ஸ்ப்ரே செய்வது. இதில் ஒரு கோட் கூடினாலும் ரேகை மங்கிவிடுமே என்று பயம்.

மஹோகனியை ப்ளீச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சிவப்பு முழுதாகப் போனதா? ப்ளீச்சின் காரம் போக வினிகர் தண்ணீரில் துடைத்தபின் எத்தனை நாள் காயவிட்டு லாக்கர் அடித்தீர்கள்? அப்புறம், மரத்துளையை அடைக்கும் ஃபில்லர் வெள்ளையா, பழுப்பா? பழுப்பு போட்டால் ரேகை எடுப்பாகத் தெரியும் என்பது என் கணிப்பு.

துண்டு மரத்தில் செய்த படம் இருந்தால் போடுங்கள். 'பேசாமல் பெயின்ட் அடித்துவிடு' என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.